அடக்க இயலாத சிறுநீர் அவசரம்: பொட்டுலினம் ஊசி பற்றி நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஓர் அம்மையார், முழங்கால் வலிக்காக எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். இரவில் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். ஏன் அவ்வளவு விரைவாக நடந்தீர்கள் என்று செவிலியர் கேட்டபோது அவர் விடை கூறவில்லை. உடன் வந்த மகள் மருந்துச் சீட்டுடன் வெளியே சென்ற பிறகே மெல்லச் சொன்னார்: “சிறுநீர் வருகிறது என்று தோன்றினால் அடுத்த நிமிடம் நிற்பதில்லை. கழிப்பறைக்குப் போவதற்குள் சேலை நனைந்துவிடுகிறது. மூன்று வருடமாக இப்படித்தான். வயதாகிவிட்டது, என்ன செய்வது?”

நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அஞ்சித் தம் அண்ணன் மகளின் திருமணத்துக்கே அவர் செல்லவில்லை. வீட்டில் தலைவலி என்று சொல்லிவிட்டார். வெளியே புறப்படும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் அருந்துவதில்லை. எந்தக் கோயிலில், எந்தக் கடையில் கழிப்பறை உண்டு என்பது அவருக்கு மனப்பாடம்.

இவரைப் போன்றவர்கள் எங்களிடம் நாள்தோறும் வருகின்றனர். ஆயினும் பெரும்பாலோர் வேறு ஏதோ ஒரு நோய்க்காகவே வருகின்றனர், இதைச் சொல்வதில்லை. ஆகவே இந்த இதழில் மிகைச்செயல் சிறுநீர்ப்பை பற்றியும், மாத்திரைகளால் குணம் காணாதவர்களுக்கு அளிக்கப்படும் பொட்டுலினம் ஊசி பற்றியும் விரிவாக எழுதுகிறோம். அந்த அம்மையார் எங்களிடம் மூன்று கேள்விகள் கேட்டார். அவை ஊசியை எண்ணிப் பார்க்கும் எவருக்கும் எழும் கேள்விகள். அவற்றுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுநீர்ப்பை இயங்கும் முறை

சிறுநீர்ப்பை என்பது தசையாலான ஒரு பை. வளர்ந்தவர்களுக்கு அது ஏறத்தாழ 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அதன் சுவரில் உள்ள தசைக்கு டெட்ரூசர் என்று பெயர். பை நிரம்பும் வேளையில் இத்தசை தளர்ந்தே இருக்கும். பையின் வாயிலில் உள்ள சுருக்குத் தசை இறுக மூடியிருக்கும். பாதியளவு நிரம்பும்போது முதல் உணர்வு தோன்றும். அப்பொழுது மூளை ‘இன்னும் சற்றுப் பொறு’ என்று கட்டளையிடுகிறது. நாமும் செய்துகொண்டிருக்கும் வேலையைத் தொடர்கிறோம். உரிய இடத்துக்குச் சென்ற பின் மூளை இசைவு தருகிறது. சுருக்குத் தசை தளர்கிறது. டெட்ரூசர் சுருங்கிச் சிறுநீரை வெளியேற்றுகிறது.

டெட்ரூசரைச் சுருங்கச் செய்வது, நரம்பு முனைகளிலிருந்து வெளிப்படும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையும் ஊசியும் வேலை செய்வது இவ்விடத்தில்தான்.

பை நிரம்பாத போதே டெட்ரூசர் தன் போக்கில் சுருங்கத் தொடங்கினால் திடீரென்று அடக்க முடியாத அவசரம் தோன்றுகிறது. இதுவே மிகைச்செயல் சிறுநீர்ப்பை. அடிக்கடி சிறுநீர் கழித்தல், இரவில் பலமுறை எழுதல் ஆகியவை இதனுடன் சேர்ந்து வரும். அவசரத்தின்போது கசிவும் ஏற்பட்டால் அதனை அவசரக் கசிவு என்கிறோம். இருமும்போதும், தும்மும்போதும், பாரம் தூக்கும்போதும் மட்டும் கசிவது வேறு வகை. அது அழுத்தக் கசிவு. அதற்குப் பொட்டுலினம் ஊசி பயன்படாது. சிலருக்கு இரண்டும் கலந்திருக்கும். எனவே எது மிகுதி என்று பிரித்தறிவது முதல் வேலை.

முதுகுத் தண்டு காயம், பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகியவற்றில் நரம்புப் பாதை பழுதுபடுவதாலும் இந்நிலை தோன்றலாம். பலருக்குக் குறிப்பிட்ட காரணம் எதுவும் தென்படுவதில்லை. முதுமையில் இது மிகுதியாகக் காணப்படுவது உண்மை. ஆனால் முதுமையின் தவிர்க்க முடியாத விளைவு என்று எண்ணிப் பொறுத்துக்கொள்வது தவறு.

ஊசிக்கு முன் செய்ய வேண்டியவை

அவசரமாகச் சிறுநீர் வருகிறது என்றவுடன் எவருக்கும் ஊசி போடுவதில்லை. சிறுநீர்த் தொற்று, கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, சிறுநீர்ப்பைக் கல், ஆண்களில் புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்ப்பைக் கட்டி ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டும். ஆகவே சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை அளவு, சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு தங்குகிறது என்று அறியும் ஸ்கேன் ஆகியவற்றைச் செய்கிறோம். சிறுநீரில் இரத்தம் காணப்பட்டால், வலி இல்லாவிட்டாலும், தாமதியாமல் வர வேண்டும்.

மூன்று நாள் குறிப்பேடு ஒன்றை எழுதி வருமாறும் கேட்கிறோம். எப்போது, எவ்வளவு அருந்தினீர்கள். எப்போது, எவ்வளவு கழித்தீர்கள். எத்தனை முறை கசிந்தது என்பவற்றை அதில் எழுத வேண்டும். அளவுக் குறியிட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை போதும். பெரிய கருவிகள் காட்டாத உண்மையை இக்குறிப்பேடு காட்டிவிடுவதுண்டு. இரவில் நான்கு முறை எழுவதாகச் சொன்ன ஒருவர், உறங்கப் போகுமுன் இரண்டு சொம்புத் தண்ணீர் அருந்தும் வழக்கம் உடையவர் என்று அதைப் பார்த்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்தது பழக்கவழக்க மாற்றம். காப்பி, தேநீர் ஆகியவற்றைக் குறைத்தல், மலச்சிக்கலைப் போக்குதல், உடற்பருமன் இருந்தால் எடையைக் குறைத்தல். தண்ணீரை அறவே தவிர்ப்பது தீர்வன்று; செறிந்த சிறுநீர் பையை மேலும் உறுத்தும். அவசரம் தோன்றியவுடன் ஓடாமல், அமர்ந்து அல்லது அசையாது நின்று, இடுப்புத் தளத் தசையைச் சில முறை விரைந்து இறுக்கித் தளர்த்தினால் அவசர அலை தணியும். அதன் பிறகு நிதானமாக நடந்து செல்லலாம். இடைவெளியை வாரந்தோறும் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டே போவது சிறுநீர்ப்பைப் பயிற்சி. இடுப்புத் தளத் தசைப் பயிற்சியை 1948இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் விளக்கி எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பலர் பத்தாம் நாளே விட்டுவிடுகின்றனர்.

பின்னர் மாத்திரைகள். ஆக்சிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின் போன்றவை அசிட்டைல்கோலின் தசையில் சென்று பற்றும் இடத்தை அடைத்துவிடுகின்றன. ஆனால் மாத்திரை உடல் முழுவதும் பரவுவதால் வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல் ஆகியவை தோன்றும். முதியவர்களுக்கு நினைவுத் தடுமாற்றம் வரலாம் என்பதால் அவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. மிராபெக்ரான் என்பது வேறு வழியில் தசையைத் தளர்த்துவது. அதற்கு வாய் உலர்தல் குறைவு. இரத்த அழுத்தத்தை மட்டும் கவனிக்க வேண்டும்.

ஆசிரியை அம்மையார் பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தார். பகல் கசிவு சற்றுக் குறைந்தது. முதல் மாத்திரையால் நாக்கு ஒட்டிக்கொண்டு பேசவே முடியவில்லை என்றார். இரண்டாவது மாத்திரையால் போதிய பலன் இல்லை. அப்போதுதான் ஊசியைப் பற்றிப் பேசினோம். மகன் கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டு, “அம்மாவுக்கு விஷத்தையா போடப் போகிறீர்கள்?” என்று கேட்டார். இதுவே அம்மையாரின் முதல் கேள்வியும் ஆயிற்று.

முதல் கேள்வி: இது நஞ்சாயிற்றே?

ஆம், நஞ்சுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நஞ்சு எவ்வாறு மருந்தாயிற்று என்பதை அறிந்தால் அச்சம் அதன் சரியான அளவுக்குக் குறையும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு ஜெர்மனியில் கெட்டுப்போன இறைச்சிக் குழல்களை உண்டவர்கள் தசைகள் செயலிழந்து இறந்தனர். யுஸ்டினுஸ் கெர்னர் என்னும் மருத்துவர் இந்நோயை 1820களில் நுணுக்கமாக விவரித்தார். இந்த நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியைத் தடுக்கிறது என்றும், மிகச் சிறிய அளவில் இதையே மருந்தாகப் பயன்படுத்த முடியும் என்றும் அவர் அன்றே கருதினார். இலத்தீனில் ‘பொட்டுலஸ்’ என்றால் இறைச்சிக் குழல். நோயின் பெயர் அதிலிருந்து வந்தது. 1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் என்ற ஊரில், ஓர் இறுதிச் சடங்குக்குப் பின் பன்றி இறைச்சி உண்ட இசைக்குழுவினர் நோயுற்றனர். அதனை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கம் இதற்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டறிந்தார்.

மருந்தாகும் காலம் வர மேலும் பல ஆண்டுகள் சென்றன. சான் ஃபிரான்சிஸ்கோவில் கண் மருத்துவராக இருந்த ஆலன் ஸ்காட், மாறுகண்ணைச் சீராக்க இதை மிகச் சிறு அளவில் கண் தசையில் செலுத்தி, 1980இல் முடிவுகளை வெளியிட்டார். 1989இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் இதற்கு ஒப்புதல் அளித்தது. முகச் சுருக்கம் போக்கும் ‘போடாக்ஸ்’ என்று பலர் அறிந்திருப்பது இதே மருந்துதான். 2000ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பிரிகிட்டே ஷூர்க் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும், முதுகுத் தண்டு காயமுற்றவர்களின் சிறுநீர்ப்பைத் தசையில் இதைச் செலுத்திக் கண்ட பலனை வெளியிட்டனர். நரம்புக் கோளாறால் வரும் கசிவுக்கு 2011இலும், காரணம் தெரியாத மிகைச்செயல் சிறுநீர்ப்பைக்கு 2013இலும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

இது செயல்படும் முறை இதுதான். நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் சிறு குமிழ்களில் அடைபட்டிருக்கும். அக்குமிழ்கள் முனையின் சுவரோடு இணைந்து திறந்தால்தான் அது வெளியேறும். அவ்வாறு இணைவதற்குத் தேவையான ஒரு புரதத்தை இம்மருந்து துண்டித்துவிடுகிறது. தூதன் கோட்டைக்குள்ளேயே இருக்கிறான், கதவுதான் திறப்பதில்லை. தசை தளர்கிறது, அவசர உணர்வை எடுத்துச் செல்லும் நரம்புகளும் அமைதியடைகின்றன. நரம்பு அழிவதில்லை. சில மாதங்களில் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. மருந்தின் ஆற்றலும் மறைகிறது.

அளவைப் பொறுத்தவரை, வழக்கமான மிகைச்செயல் சிறுநீர்ப்பைக்கு 100 யூனிட்டும், நரம்புக் கோளாறால் வருவதற்கு 200 யூனிட்டும் அளிக்கப்படுகின்றன. 100 யூனிட் குப்பியில் உள்ள நச்சுப் பொருளின் எடை சில நானோகிராம்களே. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு நிறுவனத்தின் யூனிட் மற்றொரு நிறுவனத்தின் யூனிட்டுக்குச் சமமன்று என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். முன்பு எங்கேனும் இந்த ஊசி போட்டிருந்தால் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாருங்கள்.

மருந்து சிறுநீர்ப்பையை விட்டுப் பரவி, விழுங்குதலையும் மூச்சையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை மருந்துச் சீட்டிலேயே உள்ளது. இந்த அளவில், இந்த இடத்தில் அது மிக அரிது. ஆயினும் ஊசிக்குப் பின் விழுங்கத் தடுமாற்றம், பேச்சுக் குழறல், இமை தொங்கல், மூச்சுத் திணறல், உடல் தளர்ச்சி எது தோன்றினாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

சிகிச்சை நாளில்

சிறுநீரில் தொற்று இல்லை என்று உறுதிசெய்த பிறகே நாள் குறிக்கிறோம். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோர் அதை முன்னரே சொல்ல வேண்டும். தாமாகவே நிறுத்தக் கூடாது. இதய மருத்துவருடன் பேசி நாங்கள் முடிவு செய்வோம். தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்து சிகிச்சைக்கு முன்பும் பின்பும் தரப்படும்.

பெரும்பாலோருக்கு மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. மெல்லிய குழாய் மூலம் லிக்னோகெயின் என்னும் மரப்பு மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் நிரப்பி, 20 முதல் 30 நிமிடங்கள் காத்திருப்போம். பின்பு சிஸ்டோஸ்கோப் என்னும் நுண்ணோக்குக் குழலைச் சிறுநீர்ப் பாதை வழியே செலுத்திப் பையின் உட்சுவரைப் பார்ப்போம். குழல் வழியாகச் செல்லும் நுண்ணிய ஊசியால், 100 யூனிட் மருந்தை 20 இடங்களில் அரை அரை மில்லிலிட்டராகப் பிரித்துத் தசையில் செலுத்துகிறோம். வெளியே தையலோ காயமோ இராது. ஊசி செல்லும்போது சுருக்கென்று தோன்றும் என்று பலர் சொல்கின்றனர். மருந்து செலுத்தும் நேரம் பொதுவாகக் கால் மணிக்கு மேல் ஆவதில்லை.

அதன் பிறகு அரை மணி நேரமாவது இருந்து, சிறுநீர் கழித்துவிட்டே வீடு திரும்ப வேண்டும். ஓரிரு நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாக இருக்கலாம், எரிச்சலும் தோன்றலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், கட்டியாக இரத்தம், சிறுநீர் போகாமை ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் காலை வரை காத்திராமல் வந்துவிடுங்கள்.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு குணமாகும்? எத்தனை நாள் நிற்கும்?

ஊசி போட்ட மறுநாளே மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது. சில நாள்களில் தொடங்கி, இரண்டு வாரங்களில் பலன் தெளிவாகும். பெரும்பாலும் ஆறு மாதங்கள் அளவில் நிற்கும். சிலருக்குக் குறைவாகவும் சிலருக்குக் கூடுதலாகவும் இருக்கும். அறிகுறிகள் திரும்பினால் மறுபடி போட வேண்டும். இரண்டு ஊசிகளுக்கு இடையே குறைந்தது 12 வாரங்கள் கழிய வேண்டும். ஆகவே இது ஒருமுறைச் செலவன்று. ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ ஆகும் செலவைக் கணக்கிட்டு, காப்பீடு உண்டா என்றும் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பலனைப் பற்றி ஆய்வுகள் சொல்வதையும் உள்ளபடி தருகிறோம். மாத்திரையால் பலன் காணாத 557 பேரிடம் வட அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 முறை கசிந்தவர்கள் அவர்கள். 12ஆம் வாரத்தில், மருந்து பெற்றவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 2.65 கசிவுகள் குறைந்தன. வெறும் உப்பு நீர் ஊசி பெற்றவர்களுக்கு 0.87 மட்டுமே குறைந்தது. கசிவு முற்றிலும் நின்றவர்கள் முதல் பிரிவில் 22.9 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 6.5 விழுக்காடு.

2012இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, பெண்களிடம் மாத்திரையையும் ஊசியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. கசிவு குறைந்த அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. முற்றிலும் நின்றவர்கள் மாத்திரையில் 13 விழுக்காடு, ஊசியில் 27 விழுக்காடு. வாய் உலர்ந்தவர்கள் மாத்திரையில் மிகுதி. சிறுநீர்த் தொற்றும் கதீட்டர் தேவையும் ஊசியில் மிகுதி.

இந்த எண்களை ஊன்றிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பெரும்பாலோருக்குக் கசிவு குறைகிறது. முற்றிலும் நிற்பது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே. ‘முழுமையாக நின்றுவிடும்’ என்ற நம்பிக்கையோடு வருபவர் ஏமாற்றம் அடைவார். ‘நான்கு மணி நேரப் பயணத்துக்கு அஞ்ச வேண்டியிராது’ என்ற இலக்கோடு வருபவர் நிறைவடைய வாய்ப்புண்டு.

மூன்றாம் கேள்வி: சிறுநீர் நின்றேபோனால் என்ன செய்வது?

மூன்றில் இதுவே மிக முக்கியமான கேள்வி. இதற்கு நாங்கள் நேரம் ஒதுக்கி விடை சொல்கிறோம்.

தசையைத் தளர்த்தும் மருந்து சிலருக்கு அளவுக்கு மீறித் தளர்த்திவிடும். அப்போது பை முழுதும் காலியாகாது. ஆய்வுகளில் ஏறத்தாழ இருபது பேரில் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தது. அவர்கள் நாளுக்குச் சில முறை, மெல்லிய கதீட்டர் குழாயைத் தாமே செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். இது நிலையானதன்று, மருந்தின் வலு குறையக் குறைய இயல்பு திரும்பும். சிலருக்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகலாம்.

தானே குழாய் செலுத்துவது என்றதும் பலர் முகம் சுளிக்கின்றனர். 1972இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லேப்பிடஸ் இம்முறையை அறிமுகப்படுத்தினார். அறுவை அரங்கின் கிருமி நீக்கம் தேவையில்லை, கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய தூய்மையே போதும் என்று அவர் காட்டியது பெரிய மாற்றமாயிற்று. முதுகுத் தண்டு காயமுற்ற பலர் இன்று இம்முறையாலேயே சிறுநீரகங்களைக் காத்துக்கொண்டு வேலைக்கும் செல்கின்றனர்.

ஆகவே எங்கள் வழக்கம் இது: ஊசிக்கு முன்பே கதீட்டரைக் காட்டி, செவிலியர் முன்னிலையில் ஒருமுறை செலுத்திப் பார்க்கச் சொல்கிறோம். ‘தேவைப்பட்டால் நான் செய்துகொள்வேன்’ அல்லது ‘எனக்காக வீட்டில் இன்னார் செய்வார்’ என்று நோயாளி மனமொப்பிச் சொன்னால்தான் ஊசி. கை நடுக்கமோ பார்வைக் குறைவோ உடையவர்கள், உதவ யாரும் இல்லாதவர்கள் ஆகியோருக்கு வேறு வழியைத் தேடுவோம். ஊசி போட்ட இரண்டு வாரங்களுக்குள் மீண்டும் வந்து, பையில் தங்கும் சிறுநீரை ஸ்கேனில் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

நடுவயதுக்காரர் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்ததை அவர் இசைவுடன் எழுதுகிறோம். ஊசி போட்ட பத்தாம் நாள் அவரது பையில் மிகுதியாகச் சிறுநீர் தங்கியிருந்தது. ஏழு வாரங்கள் நாளுக்கு மூன்று முறை கதீட்டர் செலுத்தினார். முதல் வாரத்தில் எங்கள் மீது அவருக்குக் கோபம் இருந்தது. பயிற்சியின்போது தாம் சரியாகக் கவனிக்கவில்லை, தமக்கு வராது என்றே எண்ணியிருந்தேன் என்று பிறகு சொன்னார். அடுத்த ஊசி வேண்டாம் என்று முடிவு செய்து மாத்திரைக்கும் பயிற்சிக்கும் திரும்பிவிட்டார். அவர் முடிவும் சரியான முடிவே. ‘எனக்கு வராது’ என்று எண்ணாதீர்கள் என்பதற்காகவே இதை எழுதச் சொன்னார்.

இதைவிட அடிக்கடி வருவது சிறுநீர்த் தொற்று. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு வரலாம்; நீரிழிவு உடையவர்களுக்கு வாய்ப்பு மேலும் மிகுதி. எரிச்சலும் காய்ச்சலும் தோன்றினால் கடையில் கேட்டு மருந்து வாங்காமல், சிறுநீர் வளர்ப்புப் பரிசோதனைக்கு வாருங்கள்.

யாருக்கு இந்த ஊசி கூடாது?

சிறுநீர்த் தொற்று இருக்கும்போதும், ஏற்கெனவே பை சரியாகக் காலியாகாமல் கதீட்டரும் பயன்படுத்தாதவர்களுக்கும், இம்மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஊசி போடக் கூடாது. மயஸ்தீனியா கிரேவிஸ் போன்ற நரம்பு–தசை நோய் உடையவர்களுக்குப் பரவல் ஆபத்து கூடுதல். அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். கருவுற்றிருப்போரும் பாலூட்டுவோரும் முன்னரே சொல்ல வேண்டும். ஜென்டமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் இம்மருந்தின் வலுவைக் கூட்டக்கூடியவை. முகத்துக்கோ கழுத்துக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ வேறிடத்தில் இதே ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதையும் மறைக்காதீர்கள். மூன்று மாதத்தில் உடல் முழுவதற்குமான மொத்த அளவுக்கு வரம்பு உண்டு.

ஊசியை விரும்பாதவர்களுக்கு வேறு வழிகளும் உள்ளன. கணுக்கால் அருகில் உள்ள டிபியல் நரம்பை வாரந்தோறும் மெல்லிய மின்தூண்டலால் தூண்டுவது ஒன்று. முதுகின் அடிப்பகுதியில் உள்ள நரம்பருகே சிறு கருவியைப் பொருத்துவது மற்றொன்று. ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் மருத்துவரிடம் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

வீட்டில் அம்மாவோ மாமியாரோ தாத்தாவோ வெளியே வர மறுத்தால், தண்ணீர் அருந்தாமல் இருந்தால், பகலிலேயே துணி மாற்றித் துவைத்தால், இதையும் ஒரு காரணமாக எண்ணிப் பாருங்கள். பலர் முன்னிலையில் கேட்காதீர்கள்; கேலியும் செய்யாதீர்கள். இரவில் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை சிறு விளக்கு எரியட்டும். வழியில் மிதியடியும் ஈரமும் இல்லாதிருக்கட்டும். முதியவர்களின் இடுப்பெலும்பு முறிவுகளில் சில இந்த இரவு ஓட்டத்தில் நேர்பவையே.

ஆசிரியை அம்மையார் மூன்று கேள்விகளுக்கும் விடை கேட்டுக்கொண்டு வீட்டுக்குச் சென்றார். ஒரு மாதம் சிந்தித்தார். கதீட்டர் பயிற்சியை மகள் உடனிருந்து கற்றுக்கொண்டார். பிறகு ஊசி போட்டுக்கொண்டார். நாளுக்கு ஐந்து முறை கசிந்தது, மூன்றாம் வாரத்தில் ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒன்று நிற்கவில்லை. இடையில் ஒருமுறை தொற்று வந்து மருந்தால் தீர்ந்தது. ஏழாம் மாதம் அவசரம் மெல்லத் திரும்பியபோது தாமே வந்து நாள் கேட்டார். அண்ணன் மகளுக்குக் குழந்தை பிறந்து பெயர் சூட்டும் விழாவாம். பேருந்தில்தான் போகிறேன் என்றார்.

மூன்று ஆண்டுகள் அவர் மறைத்த செய்தியைச் சொல்ல இரண்டு நிமிடங்களே ஆயின. உங்களுக்கோ உங்கள் வீட்டில் எவருக்கோ இத்தொல்லை இருந்தால், வேறு எந்த நோய்க்காக வந்தாலும் சரி, மருத்துவரிடமோ செவிலியரிடமோ அந்த இரண்டு நிமிடங்களைக் கேளுங்கள். தனியே பேச வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள். இடம் ஒதுக்கித் தருகிறோம். வரும்போது மூன்று நாள் குறிப்பேட்டையும், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் கொண்டு வாருங்கள்.